ராக்கெட் ஏன் பத்து நிமிடம் காத்திருப்பதில்லை?

2022 ஜனவரி 30, மாலை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கேப் கனாவரல் ஏவுதளத்தில் ஒரு ஃபால்கன் 9 ராக்கெட் எரிபொருள் நிரப்பிக்கொண்டு நின்றது. உச்சியில் இத்தாலியின் காஸ்மோ ஸ்கைமெட் ரேடார் செயற்கைக்கோள். வானிலை சரியில்லை என்று முந்தைய நாட்களிலேயே தள்ளிப்போட்டிருந்தார்கள். அன்று கவுன்ட்டவுன் 33 நொடிவரை வந்து நின்றுவிட்டது. ராக்கெட் போகும் வழிக்குக் கீழே, யாரும் இருக்கக் கூடாத கடற்பகுதிக்குள் ஓர் உல்லாசக் கப்பல் வந்துவிட்டிருந்தது.

கப்பல் அங்கேயே நங்கூரம் போட்டு உட்காரப் போவதில்லை. சற்று நேரத்தில் கடந்துவிடும். பேருந்தாக இருந்தால் ஓட்டுநர் அதுவரை இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடித்திருப்பார். ராக்கெட் அப்படிச் செய்யவில்லை. அன்றைய ஏவுதலைக் கைவிட்டு, மறுநாள் மாலை சரியாக 6 மணி 11 நிமிடத்துக்குக் கிளம்பியது. முதல் நாள் குறித்திருந்ததும் அதே 6:11தான். வானிலையால் தள்ளிப்போன நாட்களுக்குக் குறித்திருந்ததும் 6:11தான். அது என்ன, கல்யாண முகூர்த்தத்தைவிடக் கறாரான கணக்கு?

செயற்கைக்கோளை உயரத்துக்குத் தூக்குவது ராக்கெட்டின் வேலையில் சிறிய பங்கு. அதைப் பக்கவாட்டில் நொடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் தள்ளிவிடுவதுதான் பெரிய பங்கு. அந்த வேகத்தில் போகும் கோள் பூமியைச் சுற்றி ஒரு வளையம் போடுகிறது. அந்த வளையம் கிடக்கும் தளத்துக்குச் சுற்றுப்பாதைத் தளம் என்று பெயர். அது எப்போதும் பூமியின் மையத்தின் வழியாகத்தான் போகும். பூமி தன் பாட்டுக்கு அதற்குள் சுழல்கிறது. தளம் கூடவே சுழல்வதில்லை. நம் கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் தொங்குகிறது.

திருவிழா ராட்டினத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வெளியே நின்றபடி அதற்கு ஒரு பலூனை நீட்டுகிறீர்கள். குழந்தை உங்களுக்கு நேராக வரும் அந்தக் கணத்தில்தான் பலூன் கைமாறும். தவறவிட்டால் ராட்டினம் இன்னொரு சுற்று வந்தாக வேண்டும். ஏவுதளம்தான் அந்தக் குழந்தை, நீட்டிய கைதான் சுற்றுப்பாதைத் தளம். இந்த ராட்டினம் ஒரு சுற்று வர ஒரு நாள் பிடிக்கிறது. கணக்குப்படி ஏவுதளம் நாளுக்கு இரண்டு முறை தளத்தைக் கடக்கும்: ஒருமுறை வடக்கு நோக்கி ஏவலாம், இன்னொருமுறை தெற்கு நோக்கி. ஃபுளோரிடாவிலிருந்து வடக்கே துருவப் பாதையில் ஏவினால் ஊர்களின் தலைக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு வாய்ப்புதான் மிஞ்சுகிறது. அந்த வாய்ப்பு நீடிக்கும் நேரத்தை ஏவு சாளரம் என்பார்கள். காஸ்மோ ஸ்கைமெட்டுக்குக் கிடைத்தது ஒரு கணம் மட்டுமே திறந்த சாளரம்.

சற்றுத் தாமதமாகக் கிளம்பி, வழியில் திரும்பிக்கொள்ளக் கூடாதா? கூடும், விலை கொடுத்தால். கேப் கனாவரல் பூமியோடு சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் 24 கிலோமீட்டர் கிழக்கே நகர்கிறது. கோண அளவில் கால் டிகிரி. துருவப் பாதையில் ஓடும் ஒன்றைக் கால் டிகிரி திருப்ப நொடிக்கு முப்பது மீட்டருக்கு மேல் வேகமாற்றம் வேண்டும். பத்து நிமிடத் தாமதம் என்றால் நொடிக்கு முந்நூறு மீட்டருக்கு மேல். ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில். அதற்கு எரிபொருள் வேண்டும். மிச்சமிருக்கும் எரிபொருளுக்கோ வேறொரு வேலை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, ஏன் மாலை ஆறு மணி? ரேடார் செயற்கைக்கோள் மின்சாரத்தை விழுங்கும். அதன் சூரியத் தகடுகள் நிழலில் படாமல் இருக்க, பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே அதை ஓடவிடுவது வழக்கம். அந்தக் கோட்டுக்கு ஃபுளோரிடா வருவது காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும். இப்படி, ஏவும் நேரத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது என்ன மாதிரிக் கோள் என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

இங்கே கவனமான வாசகருக்கு ஒரு சந்தேகம் வரவேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது. தளம் விண்வெளியில் அசையாமல் இருந்தால் இன்று அந்திக் கோட்டில் கிடப்பது மூன்று மாதத்தில் நண்பகல் கோட்டுக்குப் போய்விடுமே? போய்விடும், தளம் உண்மையிலேயே அசையாமல் இருந்தால். பூமி சரியான உருண்டை அல்ல. நடுக்கோட்டில் அதன் ஆரம் துருவ ஆரத்தைவிடச் சுமார் 21 கிலோமீட்டர் அதிகம். இந்தப் புடைப்பின் ஈர்ப்பு சுற்றுப்பாதைத் தளத்தை மெல்ல மெல்லத் திருப்புகிறது. எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது தளத்தின் சாய்வைப் பொறுத்தது. துருவங்களை ஒட்டிச் செல்லும் பாதையின் சாய்வைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நாளுக்கு ஒரு டிகிரியளவு கிழக்கே திரும்பும். பூமி சூரியனைச் சுற்றும் வேகமும் ஏறக்குறைய அதேதான். அதனால் தளம் சூரியனோடு இசைந்து வருகிறது, நாளுக்கு நாள் 6:11 மாறாமல் நிற்கிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் தளம் நாளுக்கு ஐந்து டிகிரியளவு மேற்கே திரும்புகிறது. எனவே அங்கே போகும் ராக்கெட்டின் நேரம் தினமும் முன்னால் வரவேண்டும். 2020 மே 27 அன்று இரண்டு விண்வெளி வீரர்களோடு ஒரு ஃபால்கன் 9 மாலை 4:33க்குக் கிளம்ப இருந்தது. மின்னல் அபாயத்தால் கடைசி 17 நிமிடத்தில் நிறுத்தினார்கள். மூன்று நாள் கழித்து, மே 30 அன்று கிளம்பிய நேரம் 3:22. மூன்று நாளில் 71 நிமிடம், நாளுக்குச் சுமார் 24 நிமிடம். பூமியின் இடுப்புப் பருமன் செய்தித்தாளில் வரும் ஏவுதல் நேரத்திலேயே தெரிகிறது! உண்மையில் அந்தப் பருமனைத் திருத்தமாக அறிந்துகொண்டதே இப்படித்தான்: 1957, 58இல் பறந்த முதல் செயற்கைக்கோள்களின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று தரையிலிருந்து அளந்து, புடைப்பின் அளவைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

எல்லாச் சாளரமும் இவ்வளவு குறுகியதல்ல. நடுக்கோட்டுக்கு மேல் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகும் தொலைத்தொடர்புக் கோள்களுக்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூடக் கிடைக்கும். அங்கே கடிகாரத்தை ஓட்டுவது வேறொன்று: குளிர்.

எஸ்இஎஸ்-9 என்ற கோளுக்கு 2016 பிப்ரவரி 28 அன்று அப்படித் தாராளமான சாளரம் இருந்தது. கடைசி நிமிடங்களில் தடை செய்யப்பட்ட கடற்பகுதியில் ஒரு படகு. நிறுத்தினார்கள், படகை வெளியேற்றினார்கள், மீண்டும் எண்ணத் தொடங்கினார்கள். சாளரம் இன்னும் திறந்தே இருந்தது. எண்ணிக்கை முடிந்து இன்ஜின்கள் பற்றியும்விட்டன. அடுத்த கணம் கணினி அவற்றை அணைத்துவிட்டது. அந்தக் காத்திருப்பில் தொட்டியில் இருந்த திரவ ஆக்சிஜன் சற்றே சூடேறிவிட்டது, ஒரு ஹீலியம் குமிழும் சேர்ந்துகொண்டது, இன்ஜின் உந்துதல் குறைவு என்று எச்சரிக்கை போயிருக்கிறது.

திரவ ஆக்சிஜன் சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பெரும்பாலான ராக்கெட்டுகள் அதை ஏறக்குறைய அந்த வெப்பநிலையிலேயே நிரப்பிக்கொள்கின்றன. ஆவியாகிப் போவதை அவ்வப்போது ஈடுகட்டினால் போதும், மணிக்கணக்கில் நிற்கலாம். ஃபால்கன் 9 அதை மைனஸ் 207 வரை குளிரவைக்கிறது. குளிரக் குளிர அடர்த்தி கூடும். அதே தொட்டியில் அதிக எடை ஆக்சிஜன் அடங்கும், அதே பம்ப் அதிகமாகத் தள்ளும். எரிபொருளான மண்ணெண்ணெயையும் நீரின் உறைநிலைக்குக் கீழே, மைனஸ் 7 வரை குளிர்விக்கிறார்கள். ஆனால் ராக்கெட்டுக்குள் குளிர்சாதன வசதி கிடையாது. நிரப்பிய நொடியிலிருந்து ஃபுளோரிடாவின் வெயில் அதைச் சூடேற்றத் தொடங்கிவிடும். அதனால்தான் ஏவுவதற்கு 35 நிமிடம் முன்புதான் நிரப்பவே ஆரம்பிக்கிறார்கள். இடையில் நின்றால் பெரும்பாலும் எல்லாவற்றையும் வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எஸ்இஎஸ்-9 கடைசியில் மார்ச் 4 அன்றுதான் போனது.

இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நான்கு அடுக்குகளில் இரண்டில் திட எரிபொருள், இரண்டில் சாதாரண வெப்பநிலையிலேயே இருக்கும் திரவம். நிதானமான ஆள். ஃபால்கன் ஏன் இவ்வளவு அவஸ்தைப்பட வேண்டும்? ஒவ்வொரு கிலோ உந்துபொருளும் அதற்கு உயிர். ஏனென்றால் பாதி வழியில் அது வீடு திரும்ப வேண்டும்.

காற்று, மின்னல், விண்வெளிக் குப்பை ஆகியவற்றையும் சொல்லாமல் விட முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்று திடீரென்று திசைமாறினால் நெட்டையான ராக்கெட் வளைந்து முறியக்கூடும். அதற்காக ஏவும் நாளில் பலூன்களை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். மின்னலுக்கு, அது ஏற்கெனவே அடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ராக்கெட்டும் அதன் நீண்ட தீப்பிழம்பும் மேகத்துக்குள் ஒரு கம்பி நீட்டியது போல மின்னலை வரவழைத்துவிடும். 1969 நவம்பரில் அப்போலோ 12 முதல் ஒரு நிமிடத்துக்குள் இருமுறை அடிபட்டுத் தப்பியது. 1987 மார்ச்சில் ஓர் அட்லஸ் சென்டார் தப்பவில்லை. இன்றைய கண்டிப்பான மேக விதிகள் பெரும்பாலும் அந்த விபத்தின் பிள்ளைகள். குப்பைக்கு உதாரணம் நம்மிடமே உண்டு: 2023இல் சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட், வழியில் எதன்மீதும் மோதாமல் இருக்க, குறித்த நேரத்திலிருந்து 4 நொடி தள்ளிக் கிளம்பியது.

இனி அந்த மிச்ச எரிபொருள். ஃபால்கன் 9இன் முதல் அடுக்கில் ஒன்பது இன்ஜின்கள். ராக்கெட்டின் விலையில் பெரும்பகுதி அங்கேதான். இரண்டரை நிமிடத்தில் வேலை முடிந்து, சுமார் 70 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 8,000 கிலோமீட்டர் வேகத்தில் அது பிரிகிறது. பழைய நாளில் கடலில் விழுந்து காணாமல் போகும். இப்போது காற்றுமண்டலத்தில் நுழையும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் இன்ஜினை எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கிறது. தொலைத்தொடர்புக் கோள்கள் போகும் பாதைக்கு முதல் அடுக்கைத் தொலைத்தால் 8.3 டன் ஏற்றலாம், மீட்டால் 5.5 டன் என்று ஃபால்கனைத் தயாரிக்கும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் கணக்குக் கொடுத்திருந்தது. வீடு திரும்பும் கூலி மூன்றில் ஒரு பங்கு. கோள் இலேசாக இருந்தால் அடுக்கு திரும்பிவந்து ஏவுதளத்துக்குப் பக்கத்திலேயே இறங்கும்; காஸ்மோ ஸ்கைமெட்டின் அடுக்கு அப்படித்தான் தரையில் நின்றது. கனமாக இருந்தால் திரும்பி வர எரிபொருள் போதாது. கிழக்கே அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கடலில் மிதக்கும் மேடையில் இறங்க வேண்டும்.

இறங்கும் விதம் வேடிக்கையானது. எரிபொருள் தீர்ந்த அடுக்கு இலேசாகிவிடுவதால், ஒரே ஓர் இன்ஜினை மிகக் குறைத்து எரித்தாலும் அதன் உந்துதல் அடுக்கின் எடையை மிஞ்சிவிடும். ஆகவே அந்தரத்தில் நின்று நிதானமாக இறங்க வழியே இல்லை. விட்டால் மறுபடி மேலே கிளம்பிவிடும். வேகம் பூஜ்யமாகும் கணமும் கால்கள் மேடையைத் தொடும் கணமும் ஒன்றாக இருக்க வேண்டும். மேடையும் ராக்கெட்டும் பேசிக்கொள்வதும் இல்லை. இரண்டும் முன்பே குறித்த ஜிபிஎஸ் புள்ளிக்குத் தனித்தனியாக வந்துசேர்கின்றன.

இதையெல்லாம் உடைத்து உடைத்துத்தான் கற்றார்கள். ஒலியைவிட வேகமாகக் காற்றை எதிர்த்து வரும்போது முன்னால் தீயைக் கக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல தரவே இல்லாமல் இருந்தது. 2013 செப்டம்பரில் ஓர் அடுக்கு அதைச் செய்துகாட்டியது. ஆனால் இறங்கும்போது சுழலத் தொடங்கியதால் எரிபொருள் தொட்டிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இன்ஜின் அணைந்தது. செவ்வாயில் இறங்கும் கலங்களுக்கும் இப்படி எதிர்காற்றில் தீ கக்கும் பிரச்சினை உண்டு என்பதால் நாசா 2014இல் விமானங்களை அனுப்பி இன்னொரு அடுக்கு இறங்குவதை அகச்சிவப்பில் படமெடுத்தது. 2015 ஜனவரியில் திசைதிருப்பும் தகடுகளுக்கான ஹைட்ராலிக் திரவம் தீர்ந்து ஓர் அடுக்கு மேடையில் மோதியது. ஏப்ரலில் ஒரு வால்வு மெதுவாக நகர்ந்ததால் இன்னொன்று சாய்ந்தது. 2015 டிசம்பர் 21 அன்று ஒன்று தரையில் நின்றது. அடுத்த மாதமே கலிஃபோர்னியாவில் ஏவிய இன்னொன்று மேடையில் அழகாக இறங்கி, ஒரு கால் பூட்டிக்கொள்ளாததால் கவிழ்ந்தது. ஏவும்போது இருந்த கடும் பனிமூட்டத்தின் ஈரம் காலின் பூட்டில் உறைந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. கடல்மேடையில் முதல் வெற்றி 2016 ஏப்ரல் 8.

இந்தச் சாகசங்களுக்குத்தான் கைதட்டல் கிடைக்கிறது. எனக்கென்னவோ இதில் உண்மையான புதுமை நாள்குறிப்பில்தான் நடந்தது என்று தோன்றுகிறது. மீட்பு வந்தபின் ஏவுதலின் முதல் அசைவு ஏவுதளத்தில் நிகழ்வதில்லை. துறைமுகத்தில், இழுவைப் படகு மேடையை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது நிகழ்கிறது. போக இரண்டு மூன்று நாள், காத்திருக்க ஒன்றிரண்டு நாள், பத்து மாடிக்கு மேல் உயரமான ஒரு குழாயைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு திரும்ப இன்னும் சில நாள். ஃபால்கன் 2023இல் 96 முறையும் 2024இல் 134 முறையும் பறந்தது. அதற்கு இருந்த மேடைகள் மூன்றே மூன்று: அட்லாண்டிக்கில் இரண்டு, பசிபிக்கில் ஒன்று. பல மாதங்களில் அடுத்த ராக்கெட் எப்போது என்று தெரிந்துகொள்ள, ராக்கெட்டைப் பார்ப்பதைவிட மேடை எந்தக் கடலில் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இவ்வளவும் கடலின் தயவில் நடக்கிறது. 2015 பிப்ரவரியில் டிஸ்கவர் என்ற விண்வெளி வானிலைக் கோளை ஏவும்போது இறங்குமிடத்தில் மூன்று மாடி உயர அலை. மேடையின் இன்ஜின் ஒன்றும் பழுது. மேடை விலகிக்கொள்ள, அடுக்கு குறித்த புள்ளிக்குப் பத்து மீட்டருக்குள் நேராக வந்து நின்று, தண்ணீரில் மூழ்கியது. கோள் 15 லட்சம் கிலோமீட்டர் போக வேண்டியது, கிடைத்த நாளை விட மனமில்லை. எப்போது கோளுக்காக அடுக்கைப் பலிகொடுப்பது, எப்போது அடுக்குக்காகக் கோளைக் காக்கவைப்பது என்பது இயற்பியல் கேள்வி அல்ல. யாருடைய பணம் என்ற கேள்வி. நிறுவனம் தன் சொந்த ஸ்டார்லிங்க் கோள்களை ஏவும்போது இறங்குமிட அலைக்காகத் தயங்காமல் தள்ளிவைக்கிறது.

இறங்கியபின்னும் ஆபத்து தீர்வதில்லை. 2020இல் அந்த இரண்டு வீரர்களைச் சுமந்த அதே அடுக்கு 2023 டிசம்பரில் தன் 19ஆம் பயணத்தை முடித்துப் பத்திரமாக மேடையில் நின்றது. கரைக்கு வரும் வழியில் பலத்த காற்றும் அலையும் அதைக் கவிழ்த்துவிட்டன. 2024 ஆகஸ்டில் இன்னொன்று இறங்கிய கையோடு தீப்பற்றிச் சாய்ந்தது. ஏற்றிச்சென்ற கோள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் சில நாட்களுக்கு எல்லா ஃபால்கன் 9 பயணங்களையும் நிறுத்திவைத்தது. தொலைந்து போவதே இயல்பு என்று இருந்த காலத்தில் இப்படி ஒரு தடை கற்பனைக்கே வந்திருக்காது.

இந்தியாவும் இந்தக் கணக்குக்குள் நுழைகிறது. தாழ்ந்த பாதைக்கு 30 டன் ஏற்றக்கூடிய, முதல் அடுக்கை மீட்டுப் பயன்படுத்தும் புதிய தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதற்கான மூன்றாம் ஏவுதளம் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு 2025 ஜனவரியில் அனுமதியானது. அங்கிருந்து தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே வருகிறது. பிஎஸ்எல்வி வளைந்துதான் போகிறது, வளைவதற்கும் எரிபொருள் செலவு. சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டால் அந்தச் செலவைத் தாங்க முடியாது என்பதுதான் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரன்பட்டினம் ஏவுதளம் எழுவதற்கான காரணம். கிழக்கே ஏவினால் இலங்கைத் தொல்லை இல்லை. ஆனால் கனமான சுமையோடு போகும் அடுக்கைக் கடலில் பிடிப்பதென்றால் அந்த அறுநூறு கிலோமீட்டர் கொண்டுபோய் விடும் இடம் நடு வங்கக் கடல். ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று அதைக் கொந்தளிக்க வைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் புயல்கள். அங்கே ஆண்டில் எத்தனை நாள் ஒரு மேடை ஆடாமல் நிற்கும் என்பதற்கு ஏற்கெனவே பதிவுகள் உண்டு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1990களின் இறுதியிலிருந்து வங்கக் கடலில் மிதவைகளைக் கட்டிவைத்து அலையையும் காற்றையும் அளந்துவருகிறது.